வரப்பில் கிடந்த பங்கு

என் தராசில் காய்கறியைத் தவிர நான் எடை போட்ட முதல் உருப்படி ஒரு பெண் குழந்தை. கத்தரிக்காய்க் கூடைக்குள் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் அவளை உட்கார வைத்து, கூடையின் எடையைக் கழித்துப் பார்த்தோம். ஏழு கிலோ எழுநூறு. ரெண்டு வயது முடியப்போகிற பிள்ளைக்கு அது போதாது என்று எனக்கே தெரிந்தது. அந்த எடை வெங்காயத்தை நான் ஒரு கையால் தூக்கி வாடிக்கைக்காரர் பையில் கொட்டிவிடுவேன்.

பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மார்க்கெட்டில் வாய் இல்லாதவள் கடை போடமுடியாது, அது வேறு விஷயம். கொரோனா வந்த முதல் வருஷம் மார்க்கெட்டை மூடிவிட்டு எங்களை எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். கடலூர் பஸ் நிற்கிற இடத்தில் கத்தரிக்காய், விழுப்புரம் பஸ் நிற்கிற இடத்தில் வெங்காயம். தரையில் சுண்ணாம்புக் கட்டம் போட்டு, கட்டத்தைத் தாண்டினால் விசில் ஊதினார்கள். காலையில் கொஞ்ச நேரம்தான் வியாபாரம். மிச்சமான காயை என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடினோம்.

என் சரக்கை மினி லாரியில் ஏற்றிவருகிறவர் ஒரு குட்டியானைக்காரர். உழவர்கரையில் எங்கள் தெருக்காரர்தான். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். அவர்தான் ஒருநாள் சொன்னார், சேதராப்பட்டுக் கம்பெனிகளுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக இருபது, இருபத்தைந்து குடிசை இருக்கிறது, இருளர் ஜனங்கள், கம்பெனியும் செங்கல் சூளையும் மூடினதிலிருந்து அடுப்புப் புகையவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று. எப்படியும் அழுகப்போகிற காய்தானே என்று ஏற்றிக்கொண்டு போனோம். புண்ணியம் தேடிப் போகவில்லை. பூசணிக்காயைக் குப்பைத்தொட்டியில் கொட்ட மனசில்லாமல் போனேன், அவ்வளவுதான்.

போனபிறகுதான் விஷயம் புரிந்தது. பாண்டி எல்லை வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. ஒரு தெரு பாண்டி, அடுத்த தெரு தமிழ்நாடு, அதற்கடுத்த வயல் திரும்பவும் பாண்டி. மற்ற நாளில் பெட்ரோல் போடவும் பாட்டில் வாங்கவும் போகிறவர்களுக்குத்தான் அந்தக் கோடு ஞாபகம் வரும். ஊரடங்கில் அதே கோடு சுவராக எழும்பிவிட்டது. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் எட்டுக் குடிசை, அந்தக் கரையில் பதினைந்து. மழைக்காலத்தில் மேடு பார்த்துக் குடிசையை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். இந்தப் பக்கத்து அதிகாரி, நீங்கள் அந்தப் பக்கம் என்றார். அந்தப் பக்கத்து அதிகாரி, நீங்கள் இந்தப் பக்கம் என்றார். முக்கால்வாசிப் பேரிடம் ரேஷன் கார்டும் கிடையாது. நிவாரணம் ரெண்டு பக்கமும் வந்தது, வாய்க்காலுக்கு மட்டும் வரவில்லை.

அந்தக் குழந்தையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளுடைய அம்மாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, நிமிர்ந்த நடை, பேச்சு கம்மி. ஆனால் பேசினால் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் தராசைப் பார்த்துவிட்டு, இதில் பாப்பாவைப் போட்டுப் பார்க்கலாமா மேடம் என்று மட்டும் கேட்டாள். கழுத்தில் கல்லாப்பெட்டிச் சாவி தொங்குகிற காய்க்காரியை மேடம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் பிடிக்கவும் செய்தது, பொய் சொல்லமாட்டேன்.

கிராம நர்ஸம்மா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆறு வாரம் கழித்து வருவேன், அதற்குள் பிள்ளை எட்டுக் கிலோவைத் தொட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் தேற்றமுடியும் என்று. நர்ஸம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த நாளில் ஆஸ்பத்திரி என்றாலே எல்லாருக்கும் குலை நடுங்கியது. பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு தாயை வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ இவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அங்கன்வாடி மூடிக் கிடந்தது. சத்துமாவும் முட்டையும் நின்றுபோய்விட்டன. எட்டுக் கிலோ என்பதை அவள் ஒரு ஊர்ப் பெயர் போலச் சொன்னாள். எப்படியாவது போய்ச் சேரவேண்டிய ஊர்.

கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் வாடிக்கைக்காரம்மா ஒருவர் இருக்கிறார், சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கினவர்களைப் பாண்டியில் சொல்தா என்போம். வீட்டுக்காரர் காலமானபின் பென்ஷன் இந்த அம்மாவுக்கு வருகிறது, மகன் பிரான்சில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் வாரம் ரெண்டு அட்டை முட்டையும் பால் பவுடரும் தன் பொறுப்பு என்றார். பக்கத்துக் கட்டத்து வெங்காயக்காரர் அரிசி மூட்டை கொடுத்தார், மளிகைக்காரர் ஒருவர் பருப்பு கொடுத்தார். சொல்தா அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கொடுக்கும்போது போட்டோ எடுத்து அனுப்பவேண்டும், மகனுக்குக் காட்டவேண்டுமாம்.

போட்டோ என்றதும் எனக்குக் காலே தரையில் பாவவில்லை. வாராவாரம் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். நான் இடது பக்கம், வாங்குகிறவர் வலது பக்கம், நடுவில் பை. குட்டியானைக்காரர் போனில் எடுப்பார். அதிகாரமும் கூடவே வந்துவிட்டது. வரிசையாக நில், மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்று, பருப்பை ஒரே நாளில் ஆக்கித் தீர்த்துவிடாதே, முட்டையைப் பிள்ளைக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர்கள் சொன்னபடி நின்று வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் தராசு ஏழு கிலோ எண்ணூறு காட்டியது. நூறு கிராமை நானே பெற்றுப்போட்டதுபோல மார்க்கெட் முழுக்கச் சொன்னேன்.

அந்த வாரம்தான் குழந்தையின் அப்பா முதல்முறையாக என்னிடம் பேசினார். அரிசி வேண்டாமென்று சொல்லவில்லை, எங்களை வேலைக்குப் போகவிடச் சொல்லுங்கள் என்றார். நவரைப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்த நேரம். எலிகள் கதிரை அறுத்து வரப்புக்கு அடியில் வளைக்குள் சேர்த்துவைத்திருக்கும். வளையை வெட்டி எலியைப் பிடித்தால் விவசாயி கூலி தருவார். உள்ளே இருக்கிற நெல் வெட்டினவர்களுக்கு, அது காலங்காலமாக உள்ள பேச்சு. உழவு ஓட்டித் தண்ணீர் பாய்ச்சிவிட்டால் எல்லாம் போச்சு. ஆனால் கடப்பாரையும் கையுமாகக் கிளம்பினால் வாய்க்கால் பாலத்திலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிடுகிறது. எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இல்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உட்கார்ந்த இடத்துக்கு அரிசி கொண்டுவருகிறேன், எலி பிடிக்கப் போகிறேன் என்கிறாரே என்று திரும்பிவரும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். மறுநாள் எனக்குக் கத்தரிக்காய் போடுகிற விவசாயி போனில் புலம்பினார். வாய்க்காலுக்கு அப்பால்தான் அவர் நிலம். எலி பாதியைத் தின்றுவிட்டது, அடுத்த பட்டமும் விளங்காது, வளை வெட்ட வருகிற ஆட்களை இந்த வருஷம் காணவே காணோம் என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஆளை நான் அனுப்புகிறேன், நீங்கள் விவசாய வேலைக்கு வருகிறார்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றேன். விவசாய வேலைக்குத் தடை இல்லை அப்போது. பாலத்துப் போலீஸ்காரர் கடிதத்தை ரெண்டு தடவை படித்துவிட்டு, காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடவேண்டும் என்று விட்டுவிட்டார். அவர் வீட்டு நெல்லையும் எலி தின்றிருக்குமோ என்னவோ.

முதல் நாள் வளை வெட்டும்போது நானும் போனேன். கத்தரிக்காய் எடுக்கப் போகவேண்டியிருந்தது, வேடிக்கை பார்க்கவும் ஆசை. குட்டியானைக்காரர் ரோட்டிலேயே நின்றுகொண்டார். குழந்தையின் அப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் வரப்பில் குனிந்து குனிந்து நடந்தார்கள். குழந்தையின் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். புதுமண் தள்ளியிருக்கிற ஒரு பொந்தைக் காட்டி அவர் நின்றார். மற்றப் பொந்துகளைத் தேடித் தேடிச் சேறு வைத்து அடைத்தார்கள். ஓட்டைப் பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, பானை வாயைப் பொந்தில் வைத்து, பின்பக்க ஓட்டை வழியே ஊதினார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட ஊதினார். அப்புறம் வெட்டினார்கள். எலிகள் சாக்குக்குள் போனபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முழங்கை ஆழத்துக்குக் கீழே ஒரு அறை இருந்தது. அதற்குள் நெற்கதிர்கள், காம்பு ஒரு பக்கம், மணி ஒரு பக்கமாக அடுக்கி இருந்தன. எங்கள் மார்க்கெட்டில் கீரைக்கட்டைக்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் அடுக்கமாட்டார்கள். அதற்குமேல் அவள் வேலை. கதிரை வெளியே எடுத்து, பழம்புடவையில் பரப்பி, காலால் தேய்த்து, காற்றில் தூற்றி, கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்து வைத்தாள். வெட்டினவர்களுக்கு மூன்று குவியல், அவளுக்கு ஒன்று. குழந்தைக்கும் ஒன்று, பெரியவர்களுக்கு வைத்த அதே அளவு. அப்புறம் ஆறாவதாக ஒரு குவியல் வைத்தாள். அது யாருக்கு என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் மேடம். வளை தொறக்கும்போது யாரு நின்னாலும் ஒரு பங்கு உண்டு."

எனக்கு எதற்கு, பாவம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். பேச்சுவாக்கில் கதிரைத் தொட்டுப் பார்த்திருந்தேன், அது ஞாபகம் வந்து பையிலிருந்து சானிடைசரை எடுத்து ரெண்டு கையிலும் தேய்த்துக்கொண்டேன். எலி வளை நெல் என்று உடம்பு கூசியது உண்மை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து குவியல்களை அள்ளி முடிந்துகொண்டார்கள். ஆறாவதை வரப்பிலேயே விட்டு, பூவரச இலை நாலைப் பறித்து மூடி, மேலே ஒரு மண்கட்டியை வைத்தாள். நான் போனதும் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வழக்கம்போல நல்ல புடவையோடு போய் இறங்கினேன். ஒருவரும் வரிசைக்கு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவரவர் குடிசை வாசலில் நின்று பார்த்தார்கள். கடைசியில் அவள்தான் வந்தாள். முட்டை அட்டையை நீட்டினேன், குட்டியானைக்காரர் போனைத் தூக்கிப் பிடித்தார். அவள் கையை நீட்டவில்லை.

"நீங்க எங்க கையால வாங்கமாட்டீங்க. நாங்க மட்டும் உங்க கையால வாங்கிக்கினே இருக்கணுமா?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் தலைக்கேறிவிட்டது. பிள்ளையை வைத்துக்கொண்டு வீம்பு எதற்கு, ஒரு பிடி நெல்லுக்கு இவ்வளவா, எட்டுக் கிலோ வரவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்களே, அப்போது இந்த ரோஷம் சோறு போடுமா என்று அத்தனை பேர் எதிரில் கத்தினேன். ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு அவள் முகம் ஒரு நொடி மாறியது. அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை, அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். நான் கீழே வைத்த பையை அவளே தூக்கிக்கொண்டுவந்து வண்டியில் ஏற்றிவிட்டாள். குழந்தை முட்டை அட்டையைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டியது.

நர்ஸம்மா வர இன்னும் ரெண்டே வாரம் இருந்தது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கடை போட்டேன். பேங்கில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர், பத்து வருஷ வாடிக்கை, தக்காளி வாங்கினார். நிறுத்துப் போட்டு, வழக்கம்போல ஒரு கொத்து கறிவேப்பிலையும் ரெண்டு பச்சை மிளகாயும் கொசுறாகப் போட்டேன். அவர் சட்டென்று பையை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேணாம்மா. பாவம், நீயே வச்சுக்க."

சொல்லிவிட்டுக் கையில் சானிடைசரைத் தடவிக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் பிழைப்பு மந்தமாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டுத்தான் சொன்னார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். கறிவேப்பிலை தரையில் கிடந்தது. அதே வார்த்தையை வரப்பில் நின்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. மார்க்கெட்டில் காலை வைத்த முதல் நாளே கற்றுக்கொள்வது, போணி செய்ய வருகிற கையையும் கொசுறு போடுகிற கையையும் தட்டக்கூடாது என்பது. கொசுறை வாங்கிக்கொண்டு போகிறவர் நாளைக்கும் வருவார். வேண்டாமென்றால் கணக்கு முடிந்தது, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் கொசுறு போட்டவள் ஒரு கொசுறை வாங்கத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குக் கடையைக் கட்டிவிட்டுக் குட்டியானைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. நேற்றைய முட்டை வண்டியிலேயேதான் இருந்தது. வாய்க்கால் ஓரம் இறங்கி நேராக அவள் குடிசைக்குப் போனேன். கட்டியிருந்தது கடையில் கட்டுகிற அழுக்குப் புடவை.

"எம் பங்கை எடுத்துக்கினு போவ வந்தேன்" என்றேன்.

அவள் குடிசைக்கு வெளியே வந்தாள்.

"அது அங்கயேதான் கெடக்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் முன்னால் நடக்க, பின்னாலேயே வரப்புக்குப் போனேன். பூவரச இலை காய்ந்து சுருண்டிருந்தது, மண்கட்டி அப்படியே இருந்தது. ஓரத்தில் புறா வந்து தின்றிருக்கிறது, மிச்சம் முக்கால் படி நெல் அப்படியே கிடந்தது. ஒரு வாரம். அந்த வாரம் அவர்கள் இருந்த நிலைமையில் அதை யாரும் தொடவில்லை. அந்தப் பக்கமாகத் தினமும் நடந்து போயிருக்கிறார்கள், வந்திருக்கிறார்கள். அது என்னுடைய பங்கு. வேறு ஆளுக்குச் சொந்தமில்லை.

வரப்பில் குந்தி முந்தானையை விரித்து அள்ள ஆரம்பித்தேன். மண்ணும் சேர்ந்து வந்தது. அவளும் எதிரில் குந்தி மண்ணைப் பொறுக்கிப் போட்டாள். தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசிப் பிடியை அவள் அள்ளி என் முந்தானையில் போட்டபோது ரோட்டிலிருந்து குட்டியானைக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு போட்டோ எடுத்துவிட்டார். அதைச் சொல்தா அம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் அந்த அம்மா போன் செய்து, யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், படம் தலைகீழாக வந்திருக்கிறதே என்று கேட்டார். நேராகத்தான் வந்திருக்கிறது அம்மா என்றேன்.

அவள் குடிசை வாசலிலேயே அந்த நெல்லைக் குத்தினோம். உலக்கையில் நாலு போடு போட்டதுமே எனக்கு மூச்சு வாங்கியது, அவள் வாங்கிக்கொண்டாள். தவிட்டோடு கஞ்சி வைத்தாள். திறந்த வெளியில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து குடித்தோம். முதல் வாய் இறங்கும்போது எலி ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது வாயில் உப்பு பத்தவில்லை என்றேன். அவள் உப்பைக் கொண்டுவந்து போட்டு, "இப்ப பாருக்கா" என்றாள். மேடம் அதோடு போய்விட்டது. நான் முட்டையை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். அவித்துக் கஞ்சியில் பிசைந்து குழந்தைக்கு ஊட்டினாள். கிளம்பும்முன் தராசில் போட்டுப் பார்த்தோம். ஏழு கிலோ எழுநூற்று அறுபது. என் வீராப்பு நாற்பது கிராம் தின்றிருந்தது.

அதற்குப்பின் நாங்கள் வேலை செய்த விதமே மாறியது. வரிசை இல்லை, போட்டோ இல்லை. என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு போனோம். அவர்கள் தொட்டாச்சிணுங்கிகள் இல்லை. தேவையை நேராகச் சொல்வார்கள், வேண்டாததை வேண்டாம் என்பார்கள். பருப்புக்குப் பதில் எண்ணெய் கேட்டார்கள், சோப்பு கேட்டார்கள். திரும்பும்போது வண்டியில் வயல் நண்டோ, பண்ணைக்கீரையோ ஒரு கட்டு எனக்கென்று இருக்கும். நண்டு எனக்கு ஆகாது, உடம்பெல்லாம் தடிக்கும். அப்போதும் வாங்கிக்கொண்டு வந்து குட்டியானைக்காரர் வீட்டில் கொடுத்தேன். ஆகாது என்ற விஷயத்தை அவளிடம் சொல்ல ரொம்ப நாள் தைரியம் வரவில்லை. சொன்னபோது, முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நர்ஸம்மா சொன்ன நாளில் வந்துவிட்டார். நானும் கடையைப் பக்கத்துக் கட்டத்தில் ஒப்படைத்துவிட்டுப் போய் நின்றேன். அவர் தொங்குதராசைப் புளியமரக் கிளையில் மாட்டி, துணித்தூளியில் குழந்தையைப் போட்டார். முள் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், எனக்கு எலும்பு வலித்தது. முள் எட்டைத் தாண்டி நூறு கிராம் மேலே நின்றது. நான் கத்தப்போனேன். நர்ஸம்மா கையைக் காட்டி நிறுத்தி, குழந்தையின் மடியைத் துழாவி ஒரு வெள்ளரிக்காயை எடுத்தார். என் கூடையிலிருந்து எப்போது எடுத்ததோ, யார் கொடுத்ததோ தெரியாது. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சத்தியமாக நான் வைக்கவில்லை.

வெள்ளரிக்காய் போனதும் குழந்தை வீறிட்டு அழுதது, முள் மறுபடி ஆடியது. எங்கள் ரெண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. எட்டில் வந்து நின்றது. ஒரு மயிரிழை மேலே. நர்ஸம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எட்டு, அதுக்குமேல ஒரு இருவது கிராம்" என்று எழுதிக்கொண்டார். அது கொசுறு என்றேன் நான். அவள் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நர்ஸம்மா வெள்ளரிக்காயைக் குழந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த குடிசைக்குப் போனார்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் ரெண்டாவது அலை வந்தபோது அது என்னைப் பிடித்துக்கொண்டது. என் மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறேன், வரவேண்டாம் என்று சத்தியம் வாங்கிவிட்டேன். வீட்டுக்காரர் இல்லை. உழவர்கரை வீட்டில் நான் ஒருத்திதான். கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவில் என் வாய்க்குப் பயந்தவர்கள் இப்போது என் மூச்சுக்குப் பயந்தார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். குட்டியானைக்காரர் மட்டும் தினம் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, இருக்கிறாயா அக்கா என்று கேட்பார். இருக்கிறேன் என்று இருமுவேன். எட்டாம் நாள் எழுந்து நிற்கவே தெம்பில்லை. இனி யாருக்கு எழுந்து சமைப்பது என்று படுத்தே கிடந்தேன். வாழ்க்கையில் ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை.

அன்றைக்குக் குட்டியானைக்காரர் கேட்டில் ஒரு துணிப்பையை மாட்டினார். ஜன்னல் பக்கம் வா அக்கா என்று கூப்பிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். சேதராப்பட்டுப் பக்கம் சரக்கு இறக்கப் போனாராம், வாய்க்கால் பாலத்தில் அவள் வண்டியை நிறுத்தினாளாம். அறுப்பு முடிந்து முந்தின நாள்தான் முதல் வளை திறந்திருக்கிறார்கள்.

"நான் சொன்னேங்கா, அக்கா இந்த வருசம் வயலுக்கு வரலியேன்னு. அதுக்கு அந்தப் பொண்ணு சொல்லுது, அவங்க நின்னதாத்தான் வச்சோம்னு. உன் குவியலைப் பாப்பாதான் கையால அள்ளி வச்சுதாம்."

பையில் குத்தி, புடைத்து, கல் பொறுக்கின அரிசி இருந்தது. கூடவே நாலு முட்டை, வைக்கோல் சுற்றி. மூன்று வயதுப் பிள்ளையின் கை எவ்வளவு அள்ளும் என்று எனக்குத் தெரியும். அந்த அரிசிக்கு எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்திருக்கும் என்று நினைத்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குட்டியானைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதைக் கையில் வாங்கினாலும் எடை சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு. அந்தப் பையை வாங்கினபோது எடை ஞாபகமே வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி வைத்தேன். அந்த நோயில் வாசனையும் ருசியும் போய்விட்டிருந்தன, உப்பு போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அது என்னுடைய பங்கு.